ஃபர்ஸ்ட் குரூப்புக்குப் பதினைந்து பேர்

பத்தாம் வகுப்பில் ஐந்நூறுக்கு நானூற்று எழுபத்தொன்று வாங்கிய பிள்ளையை வேறு ஊராக இருந்தால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பார்கள். கொறட்டுப்பாறை மேல்நிலைப் பள்ளியில் அப்படி யாரும் ஆடவில்லை. நதியாவின் மார்க்கைப் பார்த்த அன்றே தலைமையாசிரியர் உபகாரம் சாருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அறிவியலில் தொண்ணூற்றெட்டு எடுத்தவள் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டாள், பிளஸ் ஒன்னில் சயின்ஸ் கேட்டு வந்து நிற்பாள் என்று அவருக்குத் தெரியும்.

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று வருடமாக அந்தப் பள்ளி பிளஸ் டூவில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. வாசலில் அவர் கைகூப்பி நிற்கிற பேனர் மழையிலும் பனியிலும் வெளுத்துப்போய்த் தொங்கியது. நூறு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒளிக்காமல் சொல்லியிருப்பார். பிள்ளைகள் ஃபெயிலாகிற பாடம் எதையும் பள்ளிக்கூடத்துக்குள் விடுவதில்லை, அவ்வளவுதான் ரகசியம். இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் என்று நான்கும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் அறிவிப்புப் பலகையில் மட்டும் இருந்தது. சேர வருகிற எல்லாரையும் தோளில் கை போட்டு காமர்ஸ் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

திங்கட்கிழமை காலை நதியா விண்ணப்பத்தை நீட்டினாள்.

"என்ன குரூப்பும்மா?"

"ஃபர்ஸ்ட் குரூப் சார்."

"செகண்ட் சாய்ஸ்?"

"இல்ல சார். அது மட்டுந்தான்."

உபகாரம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நதியா, சயின்ஸ்ங்கிறது ரொம்ப சேலஞ்சிங்கான சப்ஜெக்ட். நல்லாப் படிக்கிற பிள்ளை நீ, ஒனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்? அதெல்லாம் படிப்பு ஏறாதவங்க எடுத்துத் திண்டாடட்டும்."

இந்த அறிவுரையில் எங்கே தலை, எங்கே வால் என்று நதியாவுக்குப் புரியவில்லை. எட்டாவது படிக்கும்போது கொடைக்கானல் அப்சர்வேட்டரிக்குக் கூட்டிப் போனார்கள். மற்றவர்கள் எப்போது போட்டிங் போவோம் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் வெள்ளைத் திரையில் விழுந்திருந்த சூரியனையும் அதன் கரும்புள்ளிகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். தோசைக்கல் அளவுகூட இல்லாத சூரியன். அதற்குள் ஒரு புள்ளியே நம் பூமியைவிடப் பெரிது என்று அங்கே இருந்தவர் சொன்னார். அவ்வளவு தூரத்தில் இருப்பதை இவர்கள் எந்தக் கோலை வைத்து அளந்தார்கள் என்ற கேள்வி அன்றைக்கு அவள் மண்டைக்குள் புகுந்தது. இன்னும் வெளியே போகவில்லை.

"எனக்கு ஃபிசிக்ஸ் படிக்கணும் சார்."

"படிம்மா, யாரு வேணாம்னது? ஆனா ஒரு குரூப்பு ஆரம்பிக்கணும்னா மினிமம் பதினஞ்சு பேர் வேணும். சர்க்குலர்." அவர் மேசை மேல் கிடந்த ஒரு தாளைத் தட்டினார். அது சத்துணவு அரிசி வந்த ரசீது. "வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் டைம். பதினஞ்சு பேர் வரட்டும், நானே ரிப்பன் வெட்டித் தொறந்து வைக்கிறேன்."

நான்கு வருடமாகச் சேராத ஆள் நான்கு நாளில் சேரப் போவதில்லை என்ற நிம்மதியில் அவர் டீ சொல்லி அனுப்பினார்.

நதியா இயற்பியல் ஆசிரியை ஷர்மிளாவிடம் போனாள். டீச்சருக்கு மூன்று வருடமாக மேல் வகுப்பே இல்லை. ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆய்வகத்தின் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மூன்றரை மணி பஸ்ஸில் கொடைக்கானல் வீட்டுக்குப் போய்விடுவார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு கணம் அவர் முகம் மலரத்தான் செய்தது. பிறகு மணியைப் பார்த்தார். "ஸ்பெஷல் கிளாஸ் அது இதுன்னு வந்துட்டா பஸ்ஸு போயிருமேம்மா. காமர்ஸும் நல்ல குரூப்தான்" என்றார்.

வீட்டிலும் வேறு வழி இல்லை. அப்பா வேல்ராஜ் கொறட்டுப்பாறைக்கும் பண்ணைக்காட்டுக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். சயின்ஸ் குரூப் இருக்கிற அடுத்த பள்ளிக்குப் போக வேண்டுமென்றால் வெள்ளனே அஞ்சு மணிக்குக் கிளம்பி இருட்டிய பிறகு திரும்ப வேண்டும், இல்லையென்றால் ஹாஸ்டல்.

"ரெண்டும் ஆகாது தாயி" என்றார் வேல்ராஜ். "என் ஜீப்பு போற தூரத்துல என்ன படிப்பு கெடக்கோ அதைப் படி."

"இங்கனயே இருக்குப்பா. ஆளு மட்டும் சேரல."

"ஆளு சேரலைன்னா எப்படி வண்டி எடுப்பாங்க?" என்று ஒரு டிரைவருக்கே உரிய நியாயத்தைச் சொல்லிவிட்டு அவர் ஸ்டெப்னியைத் தட்டிப் பார்க்கப் போனார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது நதியாவுக்கு உறைத்தது. ஆள் சேர்ப்பதைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பண்ணைக்காட்டு ஸ்டாண்டில் காலி ஜீப் நின்றால் ஒருவரும் ஏற மாட்டார்கள். எப்போது எடுப்பானோ என்று அடுத்த வண்டியைப் பார்த்துப் போய்விடுவார்கள். அதனால் டீக்கடையில் சும்மா இருக்கிற நாலு பேரை வேல்ராஜ் முதலில் ஏற்றி உட்கார வைப்பார். பாதி நிறைந்த வண்டியைக் கண்டதும், கிளம்பப் போகுது என்று ஜனம் ஓடி வந்து முண்டியடித்து ஏறும். நிறைந்ததும் அந்த நாலு பேரும் நைசாக இறங்கி மறுபடியும் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். நதியாவே மூன்றாம் வகுப்பு படித்த காலத்தில் பல நாள் அப்படிச் சும்மா ஏறி உட்கார்ந்து இறங்கியவள்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் முகேஷைப் பிடித்தாள். முகேஷ் நூற்றுத் தொண்ணூற்றெட்டு மார்க். கணக்குப் பேப்பரில் அவன் வரைந்த மிளகுக் கொடிக்குத்தான் மதுரைப் பக்கத்து வாத்தியார் யாரோ இரக்கப்பட்டுப் பாஸ் போட்டிருக்க வேண்டும்.

"ஏலே முகேசு, ஃபர்ஸ்ட் குரூப்புக்கு ஒரு ஃபாரம் எழுதிக் குடு."

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?"

"நீ ஒண்ணும் படிக்க வேணாம். சும்மா ஏறி உக்காரு. ஒரு மாசத்துக்குள்ள குரூப் மாத்திக்கலாம். ஆளு சேர்ந்ததும் எறங்கிரு."

முகேஷுக்கு இது புரிந்துவிட்டது. அவனும் அந்த ஜீப்பில் சும்மா ஏறி இறங்கியவன். ஒரே ஒரு நிபந்தனை போட்டான், ஜெனியும் வர வேண்டும். சர்ச்சில் மணியடிக்கிற கோயில்பிள்ளையின் மகள் ஜெனியிடம் போய், "ஒனக்காக முகேசு ஃபிசிக்ஸே படிக்கிறேங்கிறான்" என்று நதியா சொன்னாள். "அய்யய்ய" என்று ஜெனி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சாயங்காலத்துக்குள் ஃபாரம் எழுதிக் கொடுத்துவிட்டாள். இப்படிச் சொல்லியும் கெஞ்சியும் புதன்கிழமை மதியத்துக்குள் ஐந்து பேர் ஆனார்கள். ஐந்துக்கு மேல் நகரவில்லை. நதியாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பதினைந்தில் ஐந்து போனால் மிச்சம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஃபர்ஸ்ட் குரூப் தேவையில்லையே.

மிச்சத்தை முடித்து வைத்தவர் சண்முகராஜ். காப்பித் தோட்டக்காரர், கோயில் கமிட்டித் தலைவர், பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்கும் அவரே தலைவர். புதன்கிழமை சாயங்காலம் டீக்கடையில் யாரோ அவர் காதில் போட்டார்கள், ஜீப்புக்காரர் மகள் ஃபர்ஸ்ட் குரூப்பாம் என்று.

"நம்ம ராஜமுருகன் எந்தக் குரூப்பு?" என்று கேட்டார் சண்முகராஜ்.

"காமர்ஸுங்க. அது மூணாவது குரூப்பு."

சண்முகராஜின் முகத்தில் ஈயாடவில்லை. கொறட்டுப்பாறையில் தேருக்கு முதல் வடம் பிடிப்பது அவர் வீடு. கிடா வெட்டினால் முதல் கூறு அவர் வீட்டுக்கு. ஓடைத் தண்ணீர் முதலில் பாய்வது அவர் தோட்டத்தில். அப்படிப்பட்ட வீட்டுப் பையன் மூன்றாவதில் உட்கார, இந்த ஊரில் பெண் கட்டி வந்த வெளியூர் ஜீப்புக்காரன் மகள் முதலாவதில் உட்காருவதா? நூற்று எண்பத்திரண்டு மார்க் வாங்கிய ராஜமுருகனுக்கு அன்றைக்கு இரவே அறிவியல் தாகம் ஏற்பட்டுவிட்டது.

சண்முகராஜ் ஏறிய பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டாவது வடம் பிடிக்கிற வீடு, மூன்றாவது கூறு வாங்குகிற வீடு என்று வியாழக்கிழமை முழுக்கப் பள்ளி ஆபீஸில் ஒரே தள்ளுமுள்ளு. இயற்பியல் என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு தகப்பனார் மட்டும், "இதுல எது சார் டாக்டருக்கு, எது கலெக்டருக்கு?" என்று விசாரித்து, இரண்டையும் சேர்த்துப் போடச் சொன்னார். பத்தாவது முடித்த முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் இருபத்தேழு பேர் ஃபர்ஸ்ட் குரூப். முகேஷின் அப்பா ஒரு படி மேலே போய், மகன் ஸ்டெதஸ்கோப்போடு சிரிக்கிற மாதிரி ஃபிளெக்ஸ் அடித்து பஸ் நிறுத்தத்தில் கட்டிவிட்டார்.

நதியா அதை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, சந்தோஷத்தில் கண்ணும் கலங்கியது. இனி எவன் இறங்கினாலும் வண்டி கிளம்பிவிடும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பள்ளி முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். உபகாரம் சார் இரண்டு நாளில் இளைத்துப் போயிருந்தார். இருபத்தேழு பேரில் எத்தனை பேர் ஃபெயிலாவார்கள் என்று கணக்குப் போட்டுப் போட்டு அவருடைய நூறு சதவீதம் பாதாளத்துக்குப் போயிருந்தது. ஆனாலும் மனிதர் சாமர்த்தியசாலி.

"பெற்றோர்களே, உங்க ஆர்வத்தைப் பார்த்து எனக்குப் புல்லரிக்குது. ஆனா லேப்ல இருக்கிறது பதினஞ்சு ஸ்டூல்தான். பதினஞ்சு பேருக்கு மேல எடுக்க முடியாது."

முப்பது ஸ்டூல் இருந்தது. மீதிப் பதினைந்து போன வருடத் திருவிழாப் பந்திக்குப் போய், சண்முகராஜ் வீட்டுக் காப்பிக் களத்தில் தங்கிவிட்டது. இது முற்றத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் பேசவில்லை.

"அப்ப மார்க் படி..." என்று ஷர்மிளா டீச்சர் மெதுவாகத் தொடங்கினார்.

சண்முகராஜ் கையை உயர்த்தினார். "டீச்சரம்மா, மார்க்குங்கிறது ஒருத்தருக்குக் கூடும், ஒருத்தருக்குக் கொறையும். அதைப் பார்த்தா ஊருக்குள்ள சண்டைதான் வரும். எங்க ஊர்ல கறிக்கூறுல இருந்து தண்ணி மொறை வரைக்கும் தலைக்கட்டு வரிசைதான். என் தாத்தா காலத்துல இருந்து ஒரு வெட்டுக்குத்து கெடையாது. இதையும் அப்படியே பிரிச்சிருவோம்."

கோயில் வரி கட்டுகிற குடும்பங்களின் பட்டியல்தான் தலைக்கட்டு வரிசை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற உபகாரம் சார், பழி தன் தலையில் விழாத எந்த வழியும் ஆண்டவர் காட்டிய வழியே என்று முடிவு செய்து பட்டியலைக் கைநீட்டி வாங்கினார். ராஜமுருகன் முதல் ஆள். முகேஷ் ஒன்பதாவது. ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க நதியா விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். பதினைந்தாவது பெயரும் முடிந்தது.

அவள் பெயர் வரவில்லை. வராது. பெண் கட்டி வந்த வேல்ராஜுக்குக் கொறட்டுப்பாறையில் தலைக்கட்டு கிடையாது. கோயில்பிள்ளை மகளுக்கும் கிடையாது. ஜெனி ஒரு பெரிய சுமை இறங்கிய மாதிரி, "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு காமர்ஸ் வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

நதியா முகேஷிடம் ஓடினாள். "ஏலே, எறங்குலே. அந்த எடத்தை எனக்குக் குடு. அப்படித்தான பேச்சு?"

முகேஷ் தலையைக் குனிந்துகொண்டான். "அப்பா ஃபிளெக்ஸ் வச்சிட்டாரு நதியா. எறங்குனா தோலை உரிச்சிருவாரு."

அவளுக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை கிளம்பியது. கிளம்பியதை அடக்காமல் எல்லார் முன்னாலும் அழுதாள். நான்கு நாளாக வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் பிடித்தவள் அவள். அந்தப் பதினைந்து பேரில் ஒருவருக்காவது அந்தப் பாடம் வேண்டுமா என்று கேட்டால் ஒருவரும் கையைத் தூக்க மாட்டார். வேண்டும் என்று கேட்டவளுக்கு இடம் இல்லை.

கூட்டத்தின் கடைசியில் ஜீப் சாவியைச் சுற்றிக்கொண்டு நின்ற வேல்ராஜ் அதைப் பார்த்தார். அவருக்கு இயற்பியலும் தெரியாது, உயிரியலும் தெரியாது. மகள் அழுவது தெரிந்தது.

"சார்" என்று கூப்பிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "ஒரு சந்தேகங்க. என் ஜீப்புல எத்தனை சீட்டுங்க சார்?"

"ஒம்பதோ பத்தோ. இப்ப எதுக்கு வேல்ராஜ் அது?"

"ஒம்பதுங்க. தெனமும் நான் எத்தனை பேரை ஏத்திட்டு வர்றேன்?"

உபகாரம் சார் கையிலிருந்த பட்டியலைப் புரட்டினார். பின்பக்கக் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற பயணிகளில் பல நாள் அவரும் ஒருவர்.

"இருபத்திரண்டு பேரை ஏத்துறேன். எடமில்லைன்னு இதுவரைக்கும் ஒருத்தரைக்கூட ரோட்டுல விட்டதில்ல. மழைநாள்ல நீங்க வந்து நின்னப்ப, சீட்டு ஒம்பதுதான், நீங்க எந்தத் தலைக்கட்டுன்னு கேட்டேனா? டீச்சரம்மாவைக் கேட்டேனா?" சண்முகராஜ் பக்கம் திரும்பினார். "உங்க காப்பி மூட்டைக்கே எடம் குடுத்தேங்க. பதினஞ்சு ஸ்டூலு இருக்கிற ரூம்புல எம் பிள்ளை நிக்கக்கூடவா எடமில்ல?"

நாளைக் காலை எதில் ஏறிப் பண்ணைக்காடு போவது என்று பலர் யோசிப்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. சண்முகராஜ் மேல்துண்டைச் சரி செய்துகொண்டு, "நிக்கிறதுன்னா நிக்கட்டும். நாங்க உக்கார்ற எடத்தைப் பத்தித்தான் பேசுனோம்" என்றார்.

உபகாரம் சாருக்கு மூச்சு வந்தது. ஆனால் எழுத்தில் இல்லாத எதையும் அவர் செய்ததில்லை. நதியாவை உட்கார வைத்து ஒரு கடிதம் எழுதி வாங்கினார். 'ஃபர்ஸ்ட் குரூப் வகுப்புகளில் இரண்டு ஆண்டுகளும் நின்றபடியே கல்வி கற்க எனக்கு முழுச் சம்மதம். ஸ்டூல் கோரி எதிர்காலத்தில் எவ்வித முறையீடும் செய்ய மாட்டேன்.' கீழே மாணவி கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து, பள்ளி முத்திரை. இரண்டு நகல்.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. ஷர்மிளா டீச்சர் ஆய்வகப் பூட்டைத் திறக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்து பேரும் வரிசை மாறாமல் ஸ்டூல்களில் போய் உட்கார்ந்தார்கள். ராஜமுருகன் முன்வரிசையில், கரும்பலகைக்கு நேர் எதிரே. நதியா கடைசியில் சுவர் ஓரமாக, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் புத்தகத்தை விரித்தார். சன்னலுக்கு வெளியே எதிர் மலை தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குள் மூன்று வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த யாரோ கண் விழித்த மாதிரி இருந்தது.

"அந்த மலை எவ்வளவு உயரம்னு கண்டுபிடிக்கணும். ஆனா மேல ஏறக் கூடாது. எப்படி அளப்பீங்க? ராஜமுருகா, நீ சொல்லு."

ராஜமுருகன் எழுந்தான். மலையைப் பார்த்தான். "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன் டீச்சர்."

"அப்படியே நில்லு. அடுத்து?"

அடுத்தவனும் எழுந்தான், அவனும் நின்றான். ஒருத்தி, ஃபாரஸ்ட் ஆபீஸில் எழுதி வைத்திருப்பார்கள் என்றாள். ஒருவன் போனைத் தேடிப் பாக்கெட்டைத் தடவினான். முகேஷ் முறை வந்ததும், எதுக்கு வம்பு என்று கேள்விக்கு முன்பே எழுந்து நின்றுகொண்டான். தெரியாதவர்கள் நிற்க வேண்டும் என்பது எந்தச் சர்க்குலரிலும் இல்லை. ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து அதுதான் பள்ளிக்கூடத்துச் சட்டம். பதினைந்து பேரும் தலைக்கட்டு வரிசைப்படியே எழுந்து நின்றார்கள்.

"நதியா?"

"ரெண்டு எடத்துல நின்னு பார்க்கணும் டீச்சர். முதல்ல ஒரு எடத்துல நின்னு மலை உச்சி என்ன கோணத்துல தெரியுதுன்னு அளக்கணும். அப்புறம் மலையைப் பார்த்து நேரா கொஞ்ச தூரம் நடந்து போயி, அங்க நின்னு இன்னொரு தடவை அளக்கணும். எவ்வளவு நடந்தோம்னு தெரிஞ்சாப் போதும். மிச்சத்தைக் கணக்குப் போட்டு எடுத்துரலாம்."

ஷர்மிளா டீச்சர் சாக்பீஸைக் கையில் எடுத்தார். பிறகு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "கரெக்ட். உக்காரு."

நதியா அறையைச் சுற்றிப் பார்த்தாள். பதினைந்து ஸ்டூலும் காலியாக இருந்தன. அவள் கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்து, கரும்பலகைக்கு நேர் எதிரே ராஜமுருகன் விட்டு எழுந்த ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். பின்னால் பதினைந்து பேர் நிற்க, டீச்சர் பலகையில் முதல் கோணத்தை வரைய ஆரம்பித்தார். மணி அடிக்கும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.